நான் உனக்கு வைத்த குரல்

பிப்ரவரி 2

கூண்டுக்காரனுக்கு,

இன்று கருவியை முடுக்கினார்கள். நீ இல்லை.

இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி எழுதிப் பார்த்தேன். சேரவில்லை. தனித்தனியாகவே இருக்கட்டும்.

சின்ன அறை. சுவர் முழுக்கத் துளை போட்ட அட்டை. மேசை, கணினி, இரண்டு நாற்காலி. எனக்குக் கேட்கக் கற்றுத் தரப்போகிற டீச்சர், உனக்கென்று மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் தன் கைப்பையை அதில் வைத்தார். நல்ல மனுஷி.

காதுக்குப் பின்னால் ஒரு பெட்டி. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. தோலுக்கு உள்ளே இருப்பது உனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை அன்று நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்.

விசையைத் தட்டினார். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சத்தமில்லை. மண்டைக்குள் யாரோ சில்லறையைக் கொட்டினார்கள். டீச்சரின் உதடு அசைந்தபோது கொட்டியது, நின்றபோது நின்றது. "என்ன இது?" என்று கேட்டேன். அப்போதும் கொட்டியது. அதுதான் என் குரலாம். ஒன்பது வயதில் ஜுரத்தோடு போனது. இருபது வருடம் கழித்துத் தகர டப்பாவாகத் திரும்பி வந்திருக்கிறது.

அழுதேன். மூக்கை உறிஞ்சினேன். அதற்கும் சில்லறை கொட்டியது. சிரித்துவிட்டேன்.

டீச்சர் சொன்னார்: "கேக்குறது மெஷினோட வேலைம்மா. கேட்டது என்னன்னு தெரிஞ்சுக்கறது உங்க மூளையோட வேலை. அது இருபது வருஷமா லீவுல இருந்துச்சு. வந்த மொத நாளே ஃபைலத் தள்ளச் சொன்னா தள்ளுமா?"

ஆய்வகத்தில் நான் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் பிடிபடாது. சாயம் ஊற்ற வேண்டும். அணுக்களுக்கு அந்த ஊதா நிறம் சொந்தமில்லை, நாம் கொடுத்தது. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் நோயின் பெயரை எழுதுகிறோம். எழுதுவது பொய்யில்லை. சாயம் மட்டும் நம்முடையது.

உனக்கும் ஒரு சாயம் ஊற்றி வைத்திருக்கிறேன். சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் உனக்கு ஒரு குரல் வைத்திருக்கிறேன்.

நாம் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் பேசிக்கொள்கிறவர்கள். வீட்டார் ஏற்பாடு செய்த முதல் சந்திப்பிலேயே நீதான் தொடங்கி வைத்தாய். மற்றவர்கள் என்னிடம் கத்துவார்கள். கத்தினால் உதடு கோணும். கோணினால் படிக்க முடியாது. நீ ஒருவன்தான் குரலை எடுத்துவிட்டு உதட்டை மட்டும் கொடுத்தாய். அதனால்தான் அன்றைக்கே சம்மதம் சொன்னேன். வெளியே 'நீங்க' என்றும் உதட்டில் 'நீ' என்றும் உன்னைக் கூப்பிட முடிந்ததும் அதனால்தான்.

அந்த உதட்டுக்குப் பின்னால் ஒரு குரல் தேவைப்பட்டது. காது போவதற்கு முன் கேட்டவற்றிலிருந்து எடுத்தேன். அப்பாவின் இருமல். பள்ளி வேன் டிரைவர். வானொலியில் செய்தி வாசித்த யாரோ. கொஞ்சம் அடித்தொண்டை. அவசரமே இல்லாமல், எங்கும் நிற்காமல் ஓடும். நான்கு வருடமாக நீ என்னைக் கொஞ்சியதும் திட்டியதும் அந்தக் குரலில்தான்.

இனி அசல் வேண்டும்.

இந்தத் தீவு வேலைக்கு நீ மனுப் போட்டது என் அறுவை சிகிச்சை முடிவான பிறகா, அதற்கு முன்பா என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. சரி. அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறதாமே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

சில்லு


பிப்ரவரி 10

சில்லுக்கு,

பகல் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு நான் வைத்த பெயரில் நீயே கையெழுத்துப் போட்டிருந்தாய். கோபம் பாதிதான் என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே படகு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. வெங்காயம், டீசல், கடிதம் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் இறங்கும். உன் கடிதத்தில் டீசல் வாசனை அடித்தது. இருந்தாலும் மேலே கிரேன் கூண்டுக்கு எடுத்துப் போய் ஐந்தாறு தடவை படித்தேன்.

கடலில் கல்லும் கான்கிரீட்டும் போட்டு அலையைத் தடுக்கும் சுவர் கட்டுகிறார்கள். நான் கிரேனில் கட்டிகளைத் தூக்கி இறக்குகிறேன். கீழே நின்று சைகை காட்டுகிறவருக்கு டான்ஸ் மாஸ்டர் என்று பெயர். கையை அப்படி வீசுவார். 'மெதுவா' என்பதற்கு அவர் விரல்கள் செய்வதைப் பார்த்தால் கான்கிரீட்டுக்கே தூக்கம் வரும். புதிதாக வந்த இன்ஜினியர் எல்லோருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்து, "இனிமே எல்லாம் வாய்லதான், கைய ஆட்டுற வேலையெல்லாம் வேணாம்" என்கிறார். என்னுடையதில் பேட்டரி நிற்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். டான்ஸ் மாஸ்டரின் பிழைப்பு போய்விடக் கூடாதே.

நீ சாயம் என்று எழுதியதும் எனக்கு நிழல் ஞாபகம் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கட்டி தரையைத் தொட்டுவிட்டதா, இன்னும் இடைவெளி இருக்கிறதா என்று தெரியாது. கட்டியின் நிழலைப் பார்த்துத்தான் இறக்குவேன். நிழல் ஓடி வந்து கட்டியோடு ஒட்டினால் தரை. போன செவ்வாய் மேகம். நிழலே இல்லை. ஆனால் என் கண்ணுக்கு நிழல் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. இன்னும் தூரம் இருக்கிறது என்று விட்டேன், கட்டி மடேரென்று உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. "யோவ், மேல என்ன கனவா காணுற?" என்று கீழே இருந்த மேஸ்திரி கத்தினார். ஒருவகையில் கனவுதான். வழக்கமாக இருக்கிற நிழலைக் கண் தானே வரைந்து கொடுத்துவிட்டது.

தொலைபேசி விஷயம். அது கிளார்க்கின் மேசையில் இருக்கிறது. அவர் வாசலில் எப்போதும் பத்துப் பேர். கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். உன் காதும் இன்னும் கொஞ்சம் பழகட்டும். அவசரம் என்ன?

நீ கேட்காததைக் குறித்துக்கொண்டேன். நான் பதில் சொல்லாததை நீயும் குறித்துக்கொள்.

நீ வைத்த குரல் நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?

கூண்டுக்காரன்


பிப்ரவரி 18

கூண்டுக்காரனுக்கு,

வைத்துக்கொள்ளக் கூடாது.

செய்தி: தண்ணீர் வந்துவிட்டது. குழாயில் இல்லை, காதில்.

காலையில் சமையலறையில் எதையோ வறுக்கும் சத்தம். அடுப்பு எரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். குழாயை மூட மறந்திருந்தேன். பார்த்த அந்தக் கணத்தில் வறுவல் தண்ணீரானது. கண்ணை மூடினேன், மறுபடி வறுவல். திறந்தேன், தண்ணீர். தண்ணீரை வீணாக்கிக்கொண்டு நின்றேன். நான்கு நாள் கழித்துக் கண்ணை மூடினாலும் தண்ணீராகவே இருந்தது. குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியிலும் இல்லை.

டீச்சர், "மொதல்ல தாளம் சரியா வரும். அப்புறம்தான் சொல்லு. கடைசியாத்தான் குரலோட நயம்" என்கிறார். தாளம் எனக்கு வந்துவிட்டது. யார் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று சொல்கிறேன்.

உன் அக்கா வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி: "ஏய், என் குரல் எப்படிடி இருக்கு?"

"தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்கு அண்ணி. மெஷின் இன்னும் பழகல."

"மெஷினைக் குத்தம் சொல்லாத. அது நான்தான். என் வீட்டுக்காரரும் கல்யாணமான நாள்லேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்காரு."

பிறகு நீ தொலைபேசியில் பேசினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். தம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. "அவன் எங்க பேசப் போறான்" என்பது போலக் கேட்டது. சரியாகத்தான் கேட்டதா தெரியவில்லை. என்ன சொன்னீங்க என்றதும், "காபில சக்கரை கம்மி" என்றாள்.

ஞாயிறு மாலை நானே கூப்பிடுகிறேன். பயிற்சி அறையில் தொலைபேசியை நேராகக் கருவியோடு இணைக்க வழி இருக்கிறது. கிளார்க்கிடம் சொல்லி வை. பத்துப் பேர் நின்றால் நிற்கட்டும். நீ என்னைக் கூப்பிடும் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

சில்லு


பிப்ரவரி 25

கூண்டுக்காரனுக்கு,

ஒன்றும் கவலைப்படாதே. கருவியில் ஏதோ பழுது.

எடுத்தவர் "யாரு வேணும்?" என்றார். புரிந்தது. உன் பெயரைச் சொன்னேன். செருப்புச் சத்தம். யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு மூச்சு. அது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதே.

பிறகு: சி. சி. சி. சி.

பிறகு ஒன்றுமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை, மூச்சு இருந்தது. திடீரென்று "சில்லு" என்று முழுதாக வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நீ சொன்ன ஒவ்வொன்றும் அப்படித்தான். முதல் எழுத்து தேய்ந்த இசைத்தட்டு போலத் திரும்பத் திரும்ப வந்தது, அல்லது வரவே இல்லை. நீ எதையோ சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய்.

டீச்சர் அப்போது வேறு ஒருவரைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். வந்ததும் சொன்னேன். முகம் மாறியது. "விட்டு விட்டு வந்தா நல்லதில்லையே" என்றார். அளவுகளை மாற்றினார். தாழ்ந்த சுருதிச் சத்தங்களைக் குறைத்தார். இப்போது பேச்சு மொத்தமும் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. தண்ணீர் மறுபடி வறுவலாகிவிட்டது. பரவாயில்லை. உன் குரல் ஒழுங்காக வந்தால் மற்றதைத் திரும்பக் கற்றுக்கொள்கிறேன்.

இதிலும் சரியாகாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டுமாம். தோலுக்கு உள்ளே இருக்கும் கம்பியில் கோளாறு இருக்கலாம். அப்படியென்றால் மறுபடி திறக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிடுகிறேன். நிறையப் பேசு. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சில்லு


மார்ச் 4

சில்லுக்கு,

திறக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எந்த டாக்டர் சொன்னாலும் வேண்டாம்.

பழுது இங்கேதான். லைன் சரியில்லை. கடலுக்கடியில் கேபிள், அதற்கு மேல் காற்று. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் உடைந்து உடைந்து கேட்கிறது. நேற்றுக்கூட நீ கூப்பிட்டபோது நான் சரியாகத்தான் பேசினேன், நடுவில்

சரி, அதை விடு.

பழைய அளவுக்கே மாற்றச் சொல். தண்ணீரை விட்டுக்கொடுக்காதே. நான் ஊருக்கு வந்தபின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். காற்று பலமாக அடிப்பதால் இரண்டு நாளாகக் கூண்டுக்கு ஏறவில்லை. கீழே இருந்தால் எனக்கு ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. டான்ஸ் மாஸ்டர், "என்னப்பா, பொண்டாட்டி ஞாபகமா?" என்றார். தலையை ஆட்டினேன்.

கூண்டுக்காரன்


மார்ச் 11

கூண்டுக்காரனுக்கு,

நீ லைன் என்கிறாய். நான் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள். அதனால் சோதித்தேன்.

உன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தகரம், ஆணி, ஆனால் உடையவில்லை. ஆய்வகத்தைக் கூப்பிட்டேன். உடையவில்லை. உன் கிளார்க் இரண்டு முறையும் "யாரு வேணும்?" என்றார். அதே லைன். அதே காற்று. உடையவில்லை.

உன் குரல் மட்டும் உடைகிறது.

ஆக மிச்சமிருப்பது மூன்று. ஒன்று, உள்ளே இருக்கும் கம்பி. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்று, நீயே அப்படிப் பேசுகிறாய் என்பது. இதை எழுதியதும் சிரித்துக்கொண்டே கோடு போட்டு அடித்துவிட்டேன். உன் உதட்டை நான்கு வருடம் படித்தவள் நான். அது ஒருநாளும் தடுக்கியதில்லை. எனக்குத் தெரிந்த உதடுகளிலேயே தங்குதடையில்லாமல் ஓடுவது உன்னுடையதுதான்.

இரண்டாவது, என் மனம்.

நான் உனக்கு வைத்த குரலை அது விட்டுக்கொடுக்க மறுக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. வருவது அசல். அது என்னுடையதோடு பொருந்தவில்லை. வாசலிலேயே நிறுத்தி, தள்ளி, மறுபடி நிறுத்தி வைக்கிறது. வறுவலைத் தண்ணீராக்கத் தெரிந்த மனதுக்கு ஒரு குரலை நொறுக்கவும் தெரியும்தானே? உன் கண் இல்லாத நிழலை வரைந்தது. என் மூளை இருக்கிற கணவனை அழிக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாக் குரலும் இப்படியா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம், சில சமயம் என்றேன். வெட்கம். எல்லோரையும் கேட்க முடிகிறது, புருஷனை மட்டும் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? கம்பியாக இருந்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன். கம்பியை மாற்றலாம்.

இருபத்தெட்டாம் தேதி திறக்கிறார்கள். முதல் தடவையை விட இது கொஞ்சம் சிக்கலாம். வேலைசெய்துகொண்டிருப்பதும் போய்விட வாய்ப்புண்டு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

நேற்று ஆய்வகத்தில் ஒரே ஸ்லைடை மூன்று முறை பார்த்தேன். கண்ணையும் சந்தேகப்படத் தொடங்கிவிட்டேன்.

சில்லு


மார்ச் 16

சில்லுக்கு,

கருவி சரி. கம்பி சரி. உன் மனம் சரி. நீ கேட்டது அச்சு அசலாக நான்தான்.

நான் திக்குவாயன். நினைவு தெரிந்த நாளிலிருந்து.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாளாகலாம். அதனால் இன்று காலையே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன், மற்றது பிறகு.

கிளார்க் மேசை, பின்னால் வரிசை. வரவேற்பில் ஒரு பெண் எடுத்தார். எனக்கு 'என்' என்ற முதல் சொல்லே வரவில்லை. "ஹலோ? ஹலோ? லைன் சரியில்ல சார், அப்புறமா கூப்பிடுங்க." வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வைத்தார். பின்னால் ஒருவன், "அண்ணன் செகண்ட் கியர் விழாம நிக்கிறாரு, யாராவது தள்ளுங்கப்பா" என்றான். என் பட்டப்பெயர் அதுதான். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடிப்பார், எப்படியோ அதே பெயர்தான் வரும். கிளார்க் நல்லவர். "எழுதிக் குடுப்பா, நான் பேசுறேன்" என்று கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூன்றாவது முறை அந்தப் பெண் எடுத்ததும், "வை... வை... வைக்காதீங்க" என்றேன். அவர் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிதானமா சொல்லுங்க சார், நான் இருக்கேன்" என்றார். சொன்னேன். உன் பெயர், தேதி, பழுது கருவியில் இல்லை என்னிடம்தான் என்பது. சொல்லி முடித்தபோது வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சட்டை நனைந்திருந்தது.

இனி மற்றது.

குரலை எடுத்துவிட்டால் எனக்குத் திக்காது. ஏன் என்று தெரியாது. தொண்டையில்தான் கதவு அடைக்கிறது, உதட்டுக்கு அந்தக் கதவு கிடையாது. உன்னைப் பார்க்க வருவதற்கு முன்பு அம்மா சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுடா. உனக்குத் தோதா இருக்கும்." எனக்கு அவமானமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். உன் எதிரே உட்கார்ந்தேன். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று தோன்றியது. அசைத்தேன். முழு வாக்கியம் வந்தது. ஒரு மனுஷியிடம் நான் தடையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. என்ன சொன்னேன் என்பதுகூட மறந்துவிட்டது, வந்தது என்பதுதான் ஞாபகம். நீ அதை மரியாதை என்று நினைத்தாய். நான் திருத்தவில்லை.

மற்றவர்களிடம் பேச நேர்ந்தால் உனக்கு முதுகைக் காட்டிக்கொள்வேன். கடையில் உன்னைப் பேச விடுவேன். கிரேன் வேலைக்கு வந்ததே அங்கே கைதான் பேசும் என்பதால். டான்ஸ் மாஸ்டரின் பிழைப்பு என்று எழுதியதில் பாதி என் பிழைப்பு.

மனுப் போட்டது உன் அறுவை சிகிச்சை முடிவான பிறகு. மறுநாள்.

நீ அந்தக் குரலைப் பற்றி எழுதியிருந்தாய். அவசரமில்லாமல், எங்கும் நிற்காமல் ஓடும் என்று. மேலே கூண்டில் யாருமில்லாதபோது அப்படிப் பேசிப் பார்த்தேன். தனியாக இருந்தால் எனக்கு வரும். அழகாகத்தான் இருக்கிறது, நீ வைத்தது. அதோடு போட்டி போட என்னால் முடியாது.

கூண்டுக்காரன்


மார்ச் 24

உனக்கு,

டீச்சர் பழைய அளவைத் திரும்ப வைத்துவிட்டார். தண்ணீர் தண்ணீராகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி ஆய்வகத்துக்குப் போகிறேன், வழக்கம் போல.

"ஒங்க வீட்டுக்காரர் பேசினாரும்மா" என்றார். அன்று பயிற்சி வேண்டாம் என்று என்னைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்.

முதலில் கோபம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

திக்குவாய் மேல் இல்லை. கடையில் நீ வாயைத் திறந்து, மோவாய் நடுங்க நின்றதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? முதுகைக் காட்டினாலும் கண்ணாடி அலமாரியில் முகம் தெரியும். பார்த்திருக்கிறேன். வார்த்தையை எடைபோடுகிறாய் என்று நினைத்தேன். "என் வீட்டுக்காரர் யோசிக்காம ஒரு வார்த்தை பேச மாட்டாரு" என்று ஆய்வகத்தில் பெருமையடித்திருக்கிறேன். மூத்த டெக்னீஷியன், "குடுத்து வெச்சவ நீ, எங்க வீட்ல பேசி முடிச்சுட்டுத்தான் யோசிக்கிறது" என்றாள். கண் பார்த்தது சரி. ஊற்றிய சாயம் என்னுடையது. அதில் உன் குற்றம் எதுவும் இல்லை.

கோபம் மார்ச் நாலாம் தேதிக் கடிதத்தின் மேல். லைன் என்றாய். உன் பொய் சின்னது, அதை நம்ப வேண்டுமென்றால் நான் என்னைச் சந்தேகப்பட வேண்டியிருந்தது. ஒரு வாரம் என் மூளையைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு அதை வைத்தே ஊராரின் ரத்தத்தைப் பார்த்தேன். இருபது வருடம் காது இல்லாமல் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

நீ ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டதைப் பல தடவை படித்தேன். சட்டை நனைந்த வரியில் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். கோபம் குறைகிறது. குறைவது பிடிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அம்மா சொன்ன 'தோது'. அதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினாய். அதனால் கேட்கிறேன்.

உனக்கு வேண்டியிருந்தது நானா, காது கேட்காத ஒருத்தியா?

எழுதிப் பதில் போடாதே. கடிதத்தில் நீயும் ஓடுகிறாய், நானும் ஓடுகிறேன். ஞாயிறு மாலை பயிற்சி அறையில் இருப்பேன். டீச்சரை வெளியே போகச் சொல்லிவிடுவேன்.

எவ்வளவு நேரம் ஆனாலும்.

சில்லு


ஏப்ரல் 2

சில்லுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மறுபடி எழுதப்போவதில்லை. அது சொன்னதாகவே இருக்கட்டும்.

இந்தப் பகுதி வேலை முடிகிறது. மாதக் கடைசிப் படகில் வருகிறேன். அக்காவிடம் சொல்லாதே, வாசலில் வந்து நின்றுகொண்டு ஊரைக் கூட்டுவாள்.

கூண்டுக்காரன்


ஏப்ரல் 9

கூண்டுக்காரனுக்கு,

உனக்குத் தெரியாத பாதியை எழுதுகிறேன். என் பக்கத்துப் பாதி.

நீ முதல் எழுத்தில் நின்றபோது நான் அந்தச் சொல்லை ஊகித்துவிட்டேன். முடித்துக் கொடுத்திருக்கலாம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அங்கே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தரையில் கால் உரசும் சத்தம் அது என்று பார்க்காமலேயே தெரிந்தது. "உக்காருப்பா, உக்காந்து பேசு" என்றார். கிளார்க்தானே? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

"மொதல்ல காது. அப்புறம் நீ." இவ்வளவுதான் நீ சொன்னது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலில் வெயில் இடம் மாறிவிட்டது.

'எப்போதும் நீதான்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்புகிறேன். எனக்கும் முதலில் உதடுதானே. அப்புறம்தான் நீ.

அந்த இடைவெளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிசப்தம் எனக்குப் புதிதில்லை. இருபது வருடமாக அதற்குள்தான் குடியிருந்தேன். அதன் மூலைமுடுக்கெல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக அதற்குள் இன்னொரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

மறுநாள் காலை எழுந்து, நான் உனக்கு வைத்திருந்த குரலைத் தேடினேன். அப்பாவின் இருமல் இருந்தது. வேன் டிரைவர் இருந்தார். செய்தி வாசித்தவர்கூட இருந்தார். தனித்தனியாக. நீ மட்டும் அதில் இல்லை. கொஞ்சம் அழுதேன். செத்துப்போனவருக்கு அழுவது போல இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வருமே, அது.

பிறகு படகு வந்து, உன் கடிதம் வந்தது. தாளில் ஒரு திக்கல் இல்லை, நேர்க்கோடாக எழுதியிருக்கிறாய். வாசித்துக்கொண்டே போனேன். மாதக் கடைசிப் படகில் என்பது வரை உன் குரல் கூடவே வந்தது. அடுத்த சொல்லின் முதல் எழுத்தில் நின்றுவிட்டது.

முழுச் சொல்லும் கண்ணெதிரே இருந்தது. தாண்டிப் போகவில்லை. காத்திருந்தேன்.

சில்லு